சண்முகத்தாய் என் கையில் கொடுத்த குதிகால்

சேதி வந்தபோது நான் உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. களை எடுக்கிற பதம் இல்லை என்று தெரிந்துதான் இறங்கினேன். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது. நனைந்த கரிசல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு படி மண் அப்பிக்கொண்டு கூடவே வரும். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சென்னையில் கல்லூரி விடுதியிலிருந்து என் பேத்தி செல்வி.

"ஆச்சி, சண்முகத்தாய் அக்கா போயிட்டாங்க."

"எங்கட்டி போயிட்டா?" என்றேன்.

அவள் அழுதாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் என்று படுத்தவள் ஆறாம் நாள் காலையில் போய்விட்டாளாம். நாற்பத்திரண்டு வயது. போனை மடியில் வைத்துவிட்டு வரப்புக்கு நடக்கக் காலைத் தூக்கினேன், மண் விடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனிமேல் அவள் என்னைக் கேட்கமாட்டாள் என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அடுத்த மூச்சிலேயே, இனிமேல் எனக்கு அதிலிருந்து விடுதலையே கிடையாது என்பதும் தெரிந்துவிட்டது.

அவளிடம் காலைச் சரிபண்ணிக்கொண்டு போன பிள்ளைகள் சேர்ந்து முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுதவேண்டும் என்றார்கள். என்னைவிட இருபத்தாறு வயது இளையவள், என்னோடு இரண்டு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியவள். எனக்கு அவள் அவள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டியில் ஒரு சந்துக்குள், மூடிப்போன தீப்பெட்டி ஆபீசின் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் சண்முகத்தாய் பிசியோ அறை வைத்திருந்தாள். தகரக் கூரை. மழை பெய்தால் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் எண்ணுவாள். ஓட்டக்காரப் பிள்ளைகளும் ஹாக்கிப் பிள்ளைகளும் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருவார்கள். அந்தச் சதைக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயராம். வேகமாக ஓடும்போது அதுதான் கிழியும். மிஷின் என்று பெரிதாக ஒன்றும் அங்கே கிடையாது. மடித்த சாக்கு, ஒரு மரப் பெஞ்சு, தரையில் சுண்ணாம்புக் கோடு. வந்த பிள்ளை மாத்திரை கேட்டால், "உன் காலுதான் மருந்து. வேலை கொடுத்தாத்தான் சதை ஒழுங்கா ஒட்டும். ஓய்வுன்னா மல்லாந்து கிடக்கதுன்னு எவன் சொன்னான்?" என்பாள்.

இனி என் கதை. நான் கால் முந்திப் பிறந்தவள். மற்றக் குழந்தைகள் தலை முந்தி வரும். நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன், என் அம்மா பிழைத்ததே பெரிசு. அப்படிப் பிறந்தவர்கள் கை பட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடம்பூரை அடுத்த எங்கள் ஊரில் எனக்குப் பத்து வயதாகும்போதே வாசலில் ஆள் நிற்கும். விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கி, வெயில் ஏறும் முன்னால், மூன்று நாள் காலையில் மேலிருந்து கீழே வழித்துவிடுவேன். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, கணுக்கால் பிசகு. வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் எனக்குத் தராத மரியாதையை இந்தக் கைதான் வாங்கித் தந்தது.

செல்வி என் மகன் வீட்டுப் பேத்தி. மகனும் மருமகளும் விடியும்போதே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிவிடுவார்கள். அவளைக் கிரவுண்டுக்கு அனுப்பியது, கம்பங்கூழ் கொடுத்தது, ஷூவைக் கழுவிக் காயப்போட்டது எல்லாம் நான். இருநூறு மீட்டர் ஓடுவாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், வைகாசியில் சென்னைக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செலக்‌ஷன் இருந்தது. அது கிடைத்தால் படிப்பு, விடுதி, ஓட்டம். கிடைக்காவிட்டால் அவளும் அந்த வேனில் ஏறவேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் தெரு முக்கில் வேன் அடிக்கிற ஹாரன் தினமும் சொல்லிவிட்டுப் போகும்.

பங்குனியில் அவள் கால் போனது. வளைவைத் தாண்டி நேராக வரும்போது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்ததாம். எறிந்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்த்தாளாம். நொண்டிக்கொண்டு வந்தவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தேன். "அழாதட்டி. மூணு நாள்ல இறக்கிருதேன்" என்றேன். மூன்று காலை வழித்தேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டி கட்டியாகக் கைக்குப் பட்டதை எல்லாம், கரையட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டேன். நாலாம் நாள் பார்த்தால் தொடையிலிருந்து முழங்கால் மடிப்பைத் தாண்டி, ஆடுசதை வரைக்கும் கருநீலமாக இறங்கியிருந்தது. கிரவுண்டு கோச்தான் சண்முகத்தாயிடம் கொண்டுபோகச் சொன்னார்.

முதல்நாள் அவள் உடுத்தியிருந்தது மஞ்சள் பூப்போட்ட சுடிதார். வலது தோளில் தையல் விட்டிருந்தது. செல்வியைச் சாக்கில் படுக்கவைத்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை; அதையும் நான் மறக்கவில்லை. காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

"யாரு வழிச்சது?"

செல்வி பெருமையாகச் சொன்னாள்: "எங்க ஆச்சிதான்க்கா. கால் முந்திப் பிறந்தவங்க. எங்க ஊர்ல யாருக்குச் சுளுக்குன்னாலும் ஆச்சிட்டதான் வருவாங்க."

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. சண்முகத்தாய் அதை ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. தொடையை அமுக்கிப் பார்த்தாள், முழங்காலை மடக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு பிள்ளையைச் செல்வி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னை வெளியே சந்துக்குக் கூட்டிப்போனாள்.

"ஆச்சி, இது சுளுக்கு இல்ல. சதை கிழிசல். கிழிஞ்ச இடத்த முதல் மூணு நாலு நாளைக்கு யாரும் தொடவே கூடாது. நீங்க அழுத்தி வழிச்சதுல உள்ள ரத்தம் இன்னும் பரவியிருக்கு. கிழிசலும் கூடியிருக்கும்."

"நான் வழிக்காம இருந்தா?"

"சின்னக் கிழிசலா இருந்திருந்தா ஒரு மாசத்துல ஓடியிருப்பா. இப்ப மூணு மாசமாவது ஆகும். எல்லாம் உங்களாலதான்னு நான் சொல்ல மாட்டேன், அத அளந்து சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா உங்க கையும் அதுல இருக்கு."

வைகாசிக்கு இரண்டே மாதம். சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தைந்து வருஷமாக வாசலுக்கு வந்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து என்னைப் பார்த்தது.

"தாயி, அவட்ட சொல்லிராத" என்றேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சினவள் இல்லை நான்.

"நான் சொல்ல மாட்டேன் ஆச்சி. சொல்ல வேண்டியது நான் இல்லல்லா. நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் தெனமும் இங்கன வாங்க. அவ காலப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

அன்றைக்கு என்னைப் பிடித்தவள்தான், விடவே இல்லை.

முதல் ஐந்து வாரம் பிடிக்க ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்து, தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக நீட்டவேண்டும். வலி வருவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தவேண்டும். "வலிக்கு வாசல்ல நில்லு, உள்ள போகாத" என்பாள் சண்முகத்தாய். அப்புறம் குதிகாலைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. அப்புறம் ஒற்றைக்காலில் நின்று, கொக்கு மீன் பார்ப்பது மாதிரி முன்னால் குனிவது. செல்வி விழுந்து விழுந்து எழுந்தாள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வாரமும் எனக்கு நாற்காலி கிடையாது.

அவளைக் கொஞ்சம் இளக்கலாம் என்று ஒருநாள் கடம்பூரில் சூடாகப் போளி வாங்கிக்கொண்டு போனேன். அவள் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மீதியை அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டாள். எண்ணெய்க் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, மெதுவாகக் கேட்டாள்: "நல்ல போளி. சொல்லியாச்சா?"

அந்தக் கேள்விதான். அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டாள் என்று எனக்கே தெரியாது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கேட்பாள். "ஆறு... ஏழு... ஆச்சி, சொல்லியாச்சா?... எட்டு..." செல்வி ஒருநாள், "என்னத்த ஆச்சி சொல்லணும்? யார்ட்ட?" என்று கேட்டாள். "உங்கப்பன்ட்ட, மோட்டார் ரிப்பேரப் பத்தி" என்றேன். எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது. சண்முகத்தாய் திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆறாவது வாரம் என்னைக் கூப்பிட்டாள். செல்வி மடித்த சாக்கில் முழங்கால் போட்டு நிற்கிறாள். நான் பின்னால் இருந்து அவள் கணுக்காலை, குதிகாலுக்குச் சற்று மேலே, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். அவள் உடம்பை விறைப்பாக, ஒரு பலகை மாதிரி வைத்துக்கொண்டு முன்பக்கமாக மெதுவாக விழவேண்டும். தொடைச் சதைதான் அவளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு மெதுவாக விழுகிறாளோ அவ்வளவு பலம் கூடுமாம். "மெதுவா விழத் தெரிஞ்ச காலுதான் வேகமா ஓடும்" என்று சண்முகத்தாய் எல்லாரிடமும் சொல்வாளே, அது இந்தப் பயிற்சிக்குத்தான். என்னிடம் சொன்னது வேறு: "கையால பிடிக்காதீங்க ஆச்சி, உடம்பால பிடிங்க. சாஞ்சு பிடிங்க. நீங்க விட்டா அவ மூக்கு உடைஞ்சிரும்."

அப்படிப் பிடிக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவளும் என்னைப் பார்க்க முடியாது. எனக்குத் தெரிவதெல்லாம் அவள் முதுகு, பின்னல், கறுப்பு மங்கிக்கொண்டு வரும் அந்தத் தொடை. சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தினமும் நினைப்பேன். வாய் திறந்தால், "நேரா வையிட்டி முதுக" என்றுதான் வரும். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்புவோம். அவள் என் தோளில் தூங்குவாள். ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பேன்.

எட்டாவது வாரம். செலக்‌ஷனுக்கு நாலு நாள். கோச் வந்திருந்தார், என் மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சண்முகத்தாய் பலம் பார்த்தாள், நீட்டம் பார்த்தாள். இரண்டு காலும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது என்றாள். கடைசியாக ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காமல் கட்டி, அந்தக் காலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மேலே வீசவேண்டும்.

செல்வி வீசினாள். நல்ல உயரம் போனது.

"வலிச்சுதா?"

"இல்லக்கா."

"பயமா இருந்துச்சா? வலி இல்லங்கிறது பாதிதான். பயம் இல்லங்கிறது மீதிப் பாதி. பயப்படுத கால வச்சு ஓடினா பாதி ஓட்டத்துல மறுபடியும் கிழியும். அப்படிக் கிழிஞ்சா லேசுல ஒட்டாது."

"பயமே இல்லக்கா."

சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினாள். "ஆச்சி, இவ பொய் சொல்லுதாளா?"

செல்வி பொய் சொன்னால் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வாள். மூன்று வயதில் வெல்லம் திருடினதிலிருந்து அப்படித்தான். அந்த விரல் உள்ளே போயிருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். அந்தக் கண் என்ன கேட்டது என்று நான் எழுதவேண்டியதில்லை. 'இல்லை' என்றால் அவள் கால் போகும். 'ஆமாம்' என்றால் வேன். நடுவில் எனக்கு நிற்க இடம் இல்லை.

"பொய்தான் சொல்லுதா" என்றேன்.

மகன் வெளியே போய்விட்டான். செல்வி என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போனாள். வேறு ஒரு பிள்ளை அவள் காலைப் பிடித்தது. வீட்டில் இரும்புக் கட்டிலை இழுத்துப்போட்டு, அதன் அடிக்கம்பியில் குதிகாலை மாட்டிக்கொண்டு விழுந்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சண்முகத்தாயிடம் சண்டைக்குப் போனேன். "படிச்சவ நீ. முடிவு எடுக்க வேண்டியது நீ. என்ன எதுக்கு மாட்டிவிட்ட?"

"என் கைக்கு அவ பலம் தெரியும், ஆச்சி. அவ பயம் உங்களுக்குத்தான் தெரியும். அதான் கேட்டேன். நீங்களும் பொய் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"காலு போயிருமேட்டி!"

"அப்ப உண்மையச் சொல்ல உங்களுக்கு வருது. இன்னொன்னையும் சொல்லிருங்க."

"ஒங் கிட்டங்கி இடிஞ்சு விழ" என்று திட்டிவிட்டு வந்தேன். அவள் பின்னாலேயே வந்து, நான் மறந்துவிட்ட குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனியில் செல்வி நல்ல காலோடுதான் வேனில் ஏறினாள். ஒரு வருஷம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிவிட்டு, கையில் பசை காய்ந்துபோய் நேரே கிரவுண்டுக்குப் போவாள். முதலில் நடை, பிறகு பாதி வேகம், பிறகு முக்கால் வேகம். சண்முகத்தாய் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தள்ளித் தள்ளி வைத்தாள். நானும் காலைப் பிடிக்கத் திரும்பவும் போனேன். தெரு முக்கில் ஹாரன் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அந்த வருஷம்தான் கயத்தாறிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். லாரியிலிருந்து குதிக்கும்போது பின்தொடையில் வெடுக்கென்றதாம்.

"ஆச்சி, ஒங்க கை ராசிய நம்பி வந்திருக்கேன். நாளைக்கு லோடு ஏத்தணும்."

நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். "நாலு நாளைக்கு யாரையும் தொடவிடாதீங்க அண்ணாச்சி. கோவில்பட்டியில ஒரு பிள்ள இருக்கு, அங்க போங்க."

"ஏன், ராசி வத்திப்போச்சா?"

"கையில வலி."

"சுளுக்கு எடுக்குத கைக்கே சுளுக்கா!" என்று வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவர் யார், சிரித்தவர் யார் என்று எனக்கு இன்னும் நினைவு இருக்கிறது. அப்புறம் ஆள் வருவது குறைந்தது. ஏன் தொடுவதில்லை என்று சொல்லவும் முடியவில்லை. சொல்லாமல் தொடவும் முடியவில்லை. அந்த டிரைவர் நேரே சண்முகத்தாயிடம் போயிருக்கிறார். மறுவாரம் அவள் சொன்னாள்: "ஆச்சி அனுப்புன ஆளு வந்துச்சு. வழிக்காம வந்த கால் அழகா ஒட்டுது." அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? "சொல்லியாச்சா?"

அடுத்த வைகாசியில் அதே சோதனை. செல்வி காலை வீசினாள். "பயமா?" என்றாள் சண்முகத்தாய். "இல்லக்கா." இந்தத் தடவை அவள் என்னைக் கேட்கவே இல்லை. செல்வியின் கையை மட்டும் எட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் வெளியேதான் இருந்தது. அந்த விரலைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே கிடையாது. செல்வி தேர்வாகிச் சென்னைக்குப் போய், இந்த ஐப்பசியோடு ஒன்றரை வருஷம் ஆகிறது.

சாவு விசாரிக்கத் துட்டி வீட்டுக்குச் செல்வி ரயிலில் வந்து இறங்கி நேரே வந்தாள். சண்முகத்தாய்க்கு அம்மா மட்டும்தான். என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்கதான் காலப் பிடிக்கிற ஆச்சியா?"

பெற்ற தாயிடமாவது சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். "என்னப் பத்தி என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

"ஒங்கள மாதிரிப் பிடிக்க ஆள் கிடையாதுன்னு சொல்லுவா. ஒரு நூல் அசையாத கைம்மான்னு சொல்லுவா. வேற ஒன்னும் சொன்னதில்லயே."

சொல்லவே இல்லை. செத்தும் சொல்லவில்லை. இப்போது அந்த விஷயம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். புறப்படும்போது அந்த அம்மா, அறையில் கிடந்த ஒரு சாக்கை மடித்து என்னிடம் கொடுத்தாள். செல்வி முழங்கால் போட்ட சாக்கு. ஓரத்தில் நான் போட்ட தையல் இருந்தது.

தீபாவளி லீவுக்குச் செல்வி ஊரில் தங்கினாள். கால் சரியாகிவிட்டாலும் அந்தப் பயிற்சியை விடக்கூடாது என்பது சண்முகத்தாயின் கண்டிப்பு. விட்டால் பழைய இடமே கிழியுமாம். மூன்றாம் நாள் காலையில் முற்றத்தில் சாக்கை விரித்தாள். "ஆச்சி, காலப் பிடி."

பிடித்தேன். அவள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு. ஏழு. 'சொல்லியாச்சா' என்று கேட்க ஆள் இல்லை. கேட்கவேண்டிய இடத்தில் வெறும் மூச்சுச் சத்தம். எட்டாவதுக்கு அவள் முன்னால் சாயும்போது என் வாய் தானாகத் திறந்தது.

"அன்னைக்கு நான் வழிச்சதுலதான் ஒன் காலு மோசமாச்சு செல்வி. சண்முகத்தாய் மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டா. ஒரு மாசத்துல ஓடியிருக்கலாம் நீ. நான்தான் ஒங்கிட்டச் சொல்லாதன்னு கெஞ்சினேன்."

அவள் பாதியில் நின்றாள். நிற்க முடியாத இடம் அது, சதை தாங்காது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. என் கையை உதறுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை. மெதுவாகவே, ரொம்ப மெதுவாக, மார்பு தரையில் படும்வரை இறங்கினாள். முகத்தைச் சாக்கில் வைத்தபடி கிடந்தாள்.

"ஒரு வருசம் அந்த வேன்ல போனேன் ஆச்சி" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பின் பேச்சு இல்லை. மறுநாள் காலை இரும்புக் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இன்றைக்குக் காலையில் கட்டில் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். அவள் சாக்கை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி, முழங்கால் போட்டு நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை, கூப்பிடவும் இல்லை. குதிகால் இரண்டும் என் பக்கம் இருந்தன. நான் போய் உட்கார்ந்து உடம்பைச் சாய்த்துப் பிடித்தேன். பத்து முடியும்வரை முற்றத்தில் எண்ணுகிற குரலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. எழுந்து சாக்கை உதறி மடித்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாளைக்கு அவளுக்கு ரயில். அதற்குள் பேசுவாளா, தெரியாது. பேசாமலே போனாலும் போவாள். என் பேத்தி, கோபத்தை லேசில் விடமாட்டாள்.

சண்முகத்தாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சாக்கு. அப்புறம் அவள்மேல் எனக்குள்ள கோபம். ஒரே வார்த்தையில் அவளே சொல்லி என்னை விட்டிருக்கலாம். விடாமல் பிடித்தே வைத்திருந்தாள். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. என் வாசலுக்கு இனிமேல் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்: கிழிந்த சதையை வழிக்கக் கூடாது, நான் வழித்துக் கெடுத்தேன். காலைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வாரேன்.

இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தாய். பதில் கேட்க நீ இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

சொல்லியாச்சு, தாயி.